தொழில் பாடம்: காரின் பின் கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்



நம் பகுதியில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் பலர். பழைய கார் ஒன்றை வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் வயதானவர்களைப் புதுச்சேரி ஜிப்மருக்கும் அழைத்துச் செல்பவர்களும் உண்டு. கார் எலக்ட்ரிக்கல் வேலை கற்றுக்கொள்ளும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இம்மூவருக்கும் பயன்படும் என்று ஒரு சிறிய பழுதை இங்கே பாடமாக எடுத்துக்கொள்வோம். பின் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் வாஷர் வேலை செய்யவில்லை. ஏன்?

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் டிக்கி இல்லாமல் பின்புறம் செங்குத்தாக முடியும் கார்களில், ஓடும்போது காற்று பின்னால் சுழன்று சேற்றுத் தண்ணீரைக் கண்ணாடி மேல் அப்பிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிதம்பரம் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் சிறிது தூரம் போனாலே பின்னால் எதுவும் தெரியாது. தண்ணீர் இல்லாமல் வைப்பரை மட்டும் ஓட்டினால் மண் உரசிக் கண்ணாடி கீறிப் போகும். தெருவில் வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஒரு குழந்தை நிற்பதும் தெரியாமல் போகலாம்.

நான் செய்த தவறு

பல வருடங்களுக்கு முன் ஒரு டிரைவர் சகோதரர் வண்டியைக் கொண்டு வந்தார். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் வந்தது. பின்னால் வரவில்லை, மோட்டார் சத்தமும் இல்லை. மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மீட்டர் வைத்தேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "கரண்ட் வருது, மோட்டார்தான் போயிடுச்சு" என்று சொல்லிப் புது மோட்டார் போட்டேன். தண்ணீர் அடித்தது. பொருளுக்கும் கூலிக்கும் பணம் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். "பாய், புது மோட்டார் போட்டும் தண்ணி வரலையே" என்றார். ஓரமாகப் போட்டிருந்த பழைய மோட்டாரை எடுத்து நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன். நன்றாக ஓடியது. உண்மையான பழுது எர்த் வயரில் இருந்தது. உள்ளே பச்சைக் களிம்பு பிடித்து, ஒன்றிரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் மாற்றும்போது என் கை பட்டு வயர் அசைந்ததால் தற்காலிகமாகத் தொட்டிருக்கிறது. நான் அதைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வாங்கிய பணம் முழுவதையும் திருப்பிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். நான் பொய் சொல்லி வாங்கவில்லை. இருந்தாலும் சோதிக்காமல் சொன்ன வார்த்தைக்கு அவருடைய இரண்டு நாள் வருமானம் போயிற்று. ஊகத்தை வைத்து ஒருவர் மேல் குற்றம் சுமத்தக் கூடாது என்று மார்க்கம் நமக்குக் கற்றுத் தருகிறது. அந்த ஒழுக்கம் பட்டறைக்கும் உரியதே. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட வண்டி ஓர் அமானத்.

முதலில் அமைப்பைத் தெரிந்துகொள்வோம்

பெரும்பாலான சிறிய கார்களில் தண்ணீர் டேங்க் முன்பக்கம், பம்பருக்கும் சக்கரத்துக்கும் இடையில் மறைந்திருக்கும். மோட்டார் அந்த டேங்கிலேயே செருகியிருக்கும். அங்கிருந்து ஒரு மெல்லிய ஓஸ் வண்டியின் நீளம் முழுவதும் ஓடிப் பின் கதவின் நாசிலுக்குப் போகும். சில பெரிய வண்டிகளில் பின்பக்கத்துக்கென்று தனி டேங்க் பின்னாலேயே இருக்கும்.

மோட்டார் அமைப்பில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை: முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மோட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தனி வயர்.

இரண்டாம் வகை: ஒரே மோட்டார், அதில் இரண்டு தண்ணீர் வாய்கள். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் முன் கண்ணாடிக்கும், எதிர்ப்பக்கம் சுற்றினால் பின் கண்ணாடிக்கும் தண்ணீர் போகும். பிளஸ், மைனஸ் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுப்பது சுவிட்சின் வேலை.

வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று பார்க்காமல் சோதனையைத் தொடங்கக் கூடாது. இரண்டாம் வகையில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் வருகிறது என்றால் மோட்டாரும் அதன் இரண்டு வயர்களும் நன்றாக இருக்கின்றன என்று பொருள். பின்பக்கம் அழுத்தும்போது சத்தமே இல்லையென்றால் சந்தேகம் சுவிட்ச் பக்கம் போக வேண்டும். அங்கே புது மோட்டார் வாங்குவது வீண் செலவு.

சோதனை: வரிசை மாறாமல்

1. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள்.

2. ஒருவர் உள்ளே பின் வாஷரை அழுத்தட்டும். இன்னொருவர் டேங்க் அருகில் காது கொடுத்துக் கேட்கட்டும். மோட்டார் சத்தம் வந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் மின்பழுதைத் தேட வேண்டாம். ஓஸ் கழன்றிருக்கலாம், நாசில் அடைத்திருக்கலாம், இரண்டாம் வகை மோட்டாரில் உள்ளிருக்கும் வால்வு சிக்கியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் மட்டும் அடுத்த படிக்குப் போங்கள்.

3. ஃபியூஸைப் பாருங்கள். எது வாஷர் ஃபியூஸ் என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். சில வண்டிகளில் வைப்பருக்கும் வாஷருக்கும் ஒரே ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். பெரிய ஃபியூஸ் போடுவதும், கம்பியையோ ஈயத்தாளையோ சுற்றி வைப்பதும் வண்டி தீப்பிடிக்க வழி. புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ வயர் உரசி ஷார்ட் ஆகிறது.

4. மோட்டாரை நேரடியாகச் சோதியுங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு, இடையில் 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த இரண்டு வயர்களால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு கரண்ட் கொடுங்கள். கடைசி இணைப்பை மோட்டார் பக்கம் கொடுங்கள். பேட்டரி அருகில் தீப்பொறி வரக் கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓரிரு விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள். மோட்டார் ஓடினால் அது குற்றமற்றது. ஓடவில்லை என்றால்தான் மாற்ற வேண்டும். அன்று நான் விட்டுவிட்ட படி இதுதான்.

5. கப்ளரில் கரண்ட் வருகிறதா என்று சுமையோடு பாருங்கள். கப்ளரின் இரண்டு முனைக்கும் நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்து, சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரிங் நலம். மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ பழுது வயர், எர்த், சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்றில் இருக்கிறது.

மீட்டர் ஏன் ஏமாற்றியது?

இளைஞர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும். வாஷர் மோட்டார் ஓட சில ஆம்பியர் கரண்ட் தேவை. மல்டிமீட்டர் எடுத்துக்கொள்ளும் கரண்டோ மிக மிகக் குறைவு. களிம்பு பிடித்த எர்த் வயரில் 100 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டை 100 ஆல் வகுத்தால் 0.12 ஆம்பியர். அதற்கு மேல் அந்த வயர் வழியே போகாது. மோட்டார் அசையாது. மீட்டருக்கு மட்டும் அதுவே தாராளம். அதனால் 12 வோல்ட் என்று முழுதாகக் காட்டும். எல்.இ.டி. டெஸ்டரும் இதே மாதிரி ஏமாற்றும். 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். கெட்டுப்போன வயரால் அதைத் தர முடியாது, உண்மை வெளிப்பட்டுவிடும்.

மீட்டரையே பயன்படுத்த வேண்டுமானால் கப்ளரைக் கழற்றாமல் அளக்க வேண்டும். ஒரு முனையை பேட்டரி மைனஸில் வையுங்கள். மறுமுனையை மோட்டாரின் எர்த் பின்னில், கப்ளரின் பின்பக்கமாக வையுங்கள். சுவிட்சை அழுத்தும்போது கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பக்கம் பழுது. அதேபோல பேட்டரி பிளஸுக்கும் மோட்டாரின் பிளஸுக்கும் நடுவில் பார்த்தால் சப்ளை பக்கப் பழுது தெரியும். இரண்டாம் வகை மோட்டாரில் முன்னுக்கு அழுத்தும்போது பிளஸ் 12 என்றும், பின்னுக்கு அழுத்தும்போது மைனஸ் 12 என்றும் காட்டினால் அது சரியான அறிகுறியே.

பின் கதவை அவசரப்பட்டு வெட்டாதீர்கள்

பின்பக்கம் தண்ணீர் வரவில்லை என்றதும் பின் கதவின் ரப்பர் குழாயைப் பிரித்து வயர் தேடுகிறவர்கள் உண்டு. கதவு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடுவதால் அங்கே வயர்கள் ஒடிவது உண்மைதான். ஆனால் அவை பின் வைப்பர், நம்பர் பிளேட் விளக்கு, கண்ணாடி ஹீட்டர் ஆகியவற்றுக்கு உரியவை. மோட்டார் முன்பக்கம் இருக்கும் வண்டியில் வாஷருக்கு அந்த வழியாகப் போவது ஓஸ் மட்டுமே. ஓஸ் அங்கே கழன்றால் தண்ணீர் கதவுக்குள் கசிந்து மற்ற கப்ளர்களையும் கெடுக்கும். உள் அட்டை ஈரமாக இருந்தால் அப்போது பிரியுங்கள்.

ஸ்டியரிங் கவரைக் கழற்றி சுவிட்சைத் தொடும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். அங்கே ஏர்பேக் வயர்கள் இருக்கும். அவற்றில் மீட்டரோ பல்போ வைக்கக் கூடாது. புதிய மாடல்களில் சுவிட்ச் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வழியாக வேலை செய்யும், அதற்கு ஸ்கேனர் தேவைப்படும்.

சரிசெய்யும்போது

நம் ஊர் கடலோர ஊர். உப்புக் காற்று செம்பை அரிக்கும். 2015 வெள்ளம் போன்ற சமயங்களில் தண்ணீரில் நின்ற வண்டிகளின் கப்ளர்களில் களிம்பு பிடித்திருக்கும். எனவே வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் நிற்காது. கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும் இடத்தில் இணைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். எர்த் முனை உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டி, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவ வேண்டும். டேங்கில் உப்புப் படியும் போர் தண்ணீரை ஊற்ற வேண்டாம், நாசில் அடைத்துக்கொள்ளும்.

வண்டி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியவை

"மோட்டாரை மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். மோட்டாரை நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தீர்களா? கப்ளரில் பல்பு எரிந்ததா? கழற்றிய பழைய பொருளை என்னிடம் தருவீர்களா? நேர்மையான தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார், செய்து காட்டுவார். அவர் சோதனைக்குச் செலவிட்ட நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை நாமும் மறக்கக் கூடாது. பொருள் மாற்றினால்தான் காசு தருவோம் என்று நாம் நின்றால், தேவையில்லாமல் பொருள் மாற்றும் பழக்கத்தை நாமே வளர்க்கிறோம்.

பயிற்சி

அ. பின் வாஷரை அழுத்தினால் சத்தம் வருகிறது, தண்ணீர் இல்லை, பின் கதவின் உள் அட்டை ஈரம். பழுது எங்கே?

ஆ. ஒரே மோட்டார் உள்ள வண்டி. முன்னால் தண்ணீர் வருகிறது. பின்பக்கம் அழுத்தினால் சத்தமே இல்லை. மோட்டார் வாங்கலாமா?

இ. கழற்றிய கப்ளரில் மீட்டர் 12.4 வோல்ட் காட்டுகிறது. 21 வாட் பல்பு எரியவில்லை. அடுத்து என்ன?

விடை: அ. ஓஸ் கதவருகில் கழன்றிருக்கிறது, மின்பழுது இல்லை. ஆ. கூடாது, சுவிட்ச் பக்கம் பார்க்க வேண்டும். இ. எர்த் பக்கத்தையும் சப்ளை பக்கத்தையும் சுமையோடு தனித்தனியே அளக்க வேண்டும்.

ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பும் இரண்டு வயரும் சில ரூபாய்க்குக் கிடைத்துவிடும். வேலை பழகும் தம்பிகள் அதை முதலில் செய்து பையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கைகளின் உழைப்பை ஹலாலான ரிஸ்க்காக அல்லாஹ் ஆக்கித் தருவானாக. ஆமீன்.