கிரவல் பாதையும் பழங்காடும்

“கிரவல்” என்னும் சொல்லை இந்நாட்டிலே பிறந்து வளரும் எமது மாணவர்கள் ஆங்கிலத்தின் வழியே அறிவர். அவர்தம் பெற்றோரோ அச்சொல்லைத் தாரிடப்படாத வன்னி வீதிகளிலே, செம்புழுதியோடு சேர்த்து அறிந்தவர்கள். அக்கிரவலின் பெயரைத் தாங்கிய ஒருவகைத் துவிச்சக்கரவண்டி இன்று மேலைநாடுகளிற் பெரிதும் விரும்பப்படுகின்றது. அவ்வண்டி செல்லும் வழிகளுள் ஒன்றினையும், அவ்வழியிலே நாம் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றினையும் இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

வண்டி

கிரவல் துவிச்சக்கரவண்டி தோற்றத்தில் ஓட்டப்போட்டி வண்டியை ஒத்தது. கைபிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆயினும் அதன் ரயர் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் அகலமுடையது. காற்றும் குறைவாகவே அடிக்கப்படும். இறுகக் காற்றடித்த ரயர் கல்லுக்குக் கல் துள்ளும். சற்றே தளர்ந்த ரயரோ கல்லின் வடிவுக்கேற்பத் தான் அமிழ்ந்து, நிலத்தைப் பற்றிக்கொள்ளும். ஏற்றங்களில் இலகுவாக மிதிப்பதற்குரிய பற்சில்லுகளும், சேற்றிலும் பிடிக்கவல்ல தட்டுப் பிரேக்குகளும் அதற்கு உண்டு.

இவையாவும் இருந்தாற்றான் கரடுமுரடான வழியிற் செல்லலாம் என்று எண்ணவேண்டியதில்லை. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், எமது மக்கள் சாதாரண வண்டியிலேயே விறகையும் நெல்மூடையையும் நோயாளரையும் ஏற்றிச் சென்றனர். மின்சாரமற்ற இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். நாமும் அத்தகைய வண்டியிலேயே பள்ளிக்குச் சென்று கற்றோம். பின்னர் அதிலேயே சென்று கற்பித்தோம்.

நிலம்

நாம் கூறும் வழி தென் இங்கிலாந்தின் வில்ட்சயர்ப் பகுதியில் உள்ளது. இலண்டன் பாடிங்டனிலிருந்து நியூபெரி ஊடாகப் புகையிரதத்திற் சென்று, பெட்வின் என்னும் சிற்றூர் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து சவர்நாக் காட்டினூடாக மார்ல்பரோ நகரை அடைந்து, அதற்கு மேற்கேயுள்ள குன்றுகளின் மீதேறி, ஏவ்பரி என்னும் ஊரிலுள்ள பழைய கல்வட்டம் வரையிற் செல்லலாம்.

இக்குன்றுகள் அலையலையாய் எழுந்து தாழ்பவை. புல்லின் கீழே இருப்பது வெண்மையான மென்சுண்ணக்கல். மழைநீரை இது விரைவில் உள்வாங்கிக்கொள்ளும். ஆதலினாலேயே, பள்ளத்தாக்குகள் சேறாகிக் கிடந்த பண்டைக்காலத்தில், மக்களும் மந்தைகளும் குன்றின் முகட்டு வழியே நடந்தனர். அவ்வாறு அமைந்த பழைய வழிகளுள் ஒன்று “றிட்ஜ்வே” ஆகும். ஏவ்பரிக்கு அருகிலுள்ள ஓவர்டன் குன்றிலே தொடங்கும் அதன் நீளம் 139 கிலோமீற்றர். தேம்சு நதிக்கு மேற்கேயுள்ள ஏறத்தாழ அரைப்பகுதி துவிச்சக்கரவண்டிக்கு உகந்தது. நதிக்குக் கிழக்கே பல இடங்களில் நடந்து செல்வோருக்கு மட்டுமே உரிமையுண்டு.

சுண்ணக்கல்லுக்குள் தீக்கற்கள் உள. அவற்றின் விளிம்பு கத்திபோன்றது, ரயரைக் கிழிக்கவல்லது. மாற்று ரியூபும் காற்றடிக்கும் பம்பும் இன்றிச் செல்லலாகாது. மழை பெய்தபின் சுண்ணக்கல் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். முதன்முறை சென்று வீடு திரும்பியபோது எமது காற்சட்டை முழுவதும் வெள்ளைத் தூளாகியிருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வெண்கட்டித் தூளோடு வீடு சென்ற நாட்கள் எமது நினைவுக்கு வந்தன.

உரிமை

அம்முதற் பயணத்திலே நிகழ்ந்த ஒன்றினைக் கூறவேண்டும். வழியின் குறுக்கே ஒரு படலை இருந்தது. அதனருகே “தனியார் நிலம்” என்றொரு பலகை. அப்பால் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நாம் வண்டியைத் திருப்பிவிட்டோம். தடைமுகாம்களைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, திரும்பிச் செல்வது சிந்தியாமலே வரும் பழக்கம். எதிரே நாயுடன் வந்த முதியவர் ஒருவர், படலைக் கம்பத்திலே பதித்திருந்த நீலநிற அம்புக்குறியைச் சுட்டிக்காட்டினார். “நிலம் அவருடையது, வழி உங்களுடையது” என்றார்.

அதன் பின்னரே நாம் இந்நாட்டு வழிச்சட்டத்தைத் தேடிப் படித்தோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் மஞ்சள் அம்பு நடைபாதையைக் குறிக்கும். அங்கே வண்டியோட்டும் உரிமை இல்லை. நீல அம்பு குதிரைப்பாதையைக் குறிக்கும். 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் துவிச்சக்கரவண்டிக்கும் அது திறக்கப்பட்டது. ஆயினும் நடப்போருக்கும் குதிரையேறி வருவோருக்கும் நாமே வழிவிடல் வேண்டும். இவ்வழிகளையெல்லாம் வரைபடத்திற் பதிந்து பேணும் கடமையை 1949 ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது.

எம்மைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது வேறொரு விதி. ஒரு வழியைப் பொதுமக்கள் 20 ஆண்டுகள் இடையறாது பயன்படுத்தி வந்தால், நிலத்துக்குரியவர் அதற்கு மாறான எண்ணத்தை வெளிப்படுத்தாதவிடத்து, அது பொதுவழி என்றே சட்டம் கொள்ளும். அப்பயன்பாட்டுக்கு மூன்று நிபந்தனைகள் உள. வலிந்து சென்றிருக்கலாகாது, ஒளித்துச் சென்றிருக்கலாகாது, அனுமதி பெற்றுச் சென்றிருக்கலாகாது. முதலிரண்டும் எளிதில் விளங்கின. மூன்றாவது விளங்கச் சில காலம் சென்றது. அனுமதியினால் நடப்பவன் எத்தனை ஆண்டு நடந்தாலும் விருந்தினனே. உரிமையுள்ளவன்போல், பகலிலே, பலரறிய நடப்பவனே வழியை உருவாக்குகின்றான்.

ஏதிலியாக வந்தவர்களுக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒளித்து எல்லை கடந்ததும் உண்டு. கடிதத்திலே தரப்பட்ட அனுமதி முடியும் திகதியைச் சுவர் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்து வாழ்ந்ததும் உண்டு.

காடு

இனிப் பழங்காட்டுக்கு வருவோம். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1600 ஆம் ஆண்டிலிருந்து இடையறாது காடாகவே இருந்துவரும் நிலத்தைப் பழங்காடு என வகுத்துள்ளனர். ஐக்கிய இராச்சியத்தின் நிலப்பரப்பில் அது ஏறத்தாழ 2.5 வீதமே. மரங்கள் முதியனவாக இருப்பது மட்டும் அதன் அடையாளமன்று. பல நூற்றாண்டுகள் கிளறப்படாத மண்ணே அதன் உயிர். சித்திரை, வைகாசியில் நிலமெல்லாம் விரியும் நீலமணிப்பூக்கள் அம்மண்ணுக்குச் சான்று. வெண்ணிறக் காட்டு அனிமோன் நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறு அடி தூரமே பரவும் என்பர். இன்று மரங்களை நட்டால் எமது பேரப்பிள்ளைகளுக்குத் தோப்புக் கிடைக்கும், பழங்காடு கிடையாது. ஆதலின் காட்டிலே வழியைவிட்டு விலகி ஒரு முழம்தானும் வண்டியை உருட்டலாகாது.

சவர்நாக் காட்டின் பெயர் கி.பி. 934 ஆம் ஆண்டு அரச சாசனமொன்றிலே காணப்படுகின்றது. ஆயிரம் ஆண்டுகள் கண்டதெனக் கருதப்படும் ஓக் மரமொன்று அங்கே வீதியோரத்தில் நிற்கின்றது. அதன் பருத்த அடிமரம் பிளந்துவிடாதவாறு இரும்புப் பட்டை இட்டுள்ளனர்.

இக்காடு இன்றும் தனியாருடையதே. ஆயினும் மக்கள் தாராளமாகச் சென்றுவர இடமளிக்கப்படுகின்றது. ஆனால் ஆண்டிலே ஒருநாள் மட்டும் அதன் வீதிகளை அடைத்துவிடுவர். மற்றைய நாட்களிற் செல்வதெல்லாம் அனுமதியின் பேரிலேயே என்பதனை நினைவூட்டி, பொதுவழி உரிமை தோன்றாமற் காப்பதே அதன் நோக்கம். நீல அம்பின் வழியே சென்று, பின் இக்காட்டுக்குள் நுழைபவர் ஒரே நாளில் உரிமை, அனுமதி என்னும் இரண்டையும் கண்டுகொள்ளலாம். கால்களுக்கு வேற்றுமை தெரிவதில்லை. படலை அடைபடும் நாளிலேயே அது தெரியவரும்.

எமது ஒழுங்கைகள்

1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுள் எமதும் ஒன்று. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பல ஊர்களுக்குள் மக்கள் கால்வைக்க இயலாதிருந்தது. பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எமது பெரியம்மா அங்கு சென்றுவந்து தொலைபேசியிற் கூறினார்: “தம்பி, ஒழுங்கையைக் காணேல்லை. கிணத்தைக் கண்டுதான் வீட்டைக் கண்டன்.” இங்கே 20 ஆண்டுகள் நடந்தால் வழி பிறக்கின்றது. அங்கே நடக்க விடாததனால், தலைமுறைகள் நடந்த ஒழுங்கை பற்றைக்குள் மறைந்துவிட்டது. அவ்வொழுங்கைக்கு எமது வீட்டார் வழங்கிய பெயர் அச்சிட்ட வரைபடம் எதிலும் இருந்ததாக நாம் அறியோம்.

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு பயிற்சிகள் தருகின்றோம்.

முதலாவது: 1:25,000 அளவுத்திட்ட வரைபடம் ஒன்றினை நூலகத்திற் பெற்று, உங்கள் வீட்டுக்கு அண்மையிலுள்ள குதிரைப்பாதையைக் கண்டுபிடியுங்கள். நீண்ட பச்சைக் கோட்டுத்துண்டுகள் அதனைக் காட்டும். பெற்றோருடன் அதன் வழியே சென்று வாருங்கள். படலையைக் கண்டு திரும்பிவிடவேண்டாம். அம்பின் நிறத்தைப் பாருங்கள். திறந்த படலையைச் சாத்திவிட்டுச் செல்லுங்கள்.

இரண்டாவது: உங்கள் தாத்தா, அம்மம்மா, அப்பம்மாவிடம் அவர்தம் வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூடம் வரையிலான வழியைக் கேட்டு, ஒரு தாளில் வரையுங்கள். ஒழுங்கைகளின் பெயரையும், கிணறு, ஆலமரம், வைரவர் கோயில், சங்கக்கடை ஆகியவற்றையும் அதிலே குறியுங்கள். பெயர்களைத் தமிழிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழை வந்தால் நாம் திருத்தித் தருவோம். அடுத்த தவணையின் முதற் சனிக்கிழமை அத்தாள்களை வகுப்பறைச் சுவரில் ஒட்டுவோம். எமது ஒழுங்கையையும் நாம் வரைந்து கொண்டுவருவோம்.