ஆட்டக்களத்து ஆசிரியர்

கால்பந்தாட்டத்திற் புகழ் பெறுவோர் பெரும்பாலும் பந்தை உதைப்பவரே. அவர்களைப் பயிற்றுவித்தவர் களத்தின் ஓரத்தே நிற்பார். வெற்றி வந்தால் மாலை ஆட்டக்காரர் கழுத்தில் விழும். தோல்வி வந்தாலோ பழி பயிற்றுவித்தவர் தலைமேல் விழும். அங்ஙனம் ஓரத்தே நின்று, இந்தியக் கால்பந்தாட்டத்தை ஆசியாவின் முதலிடத்திற்கு உயர்த்தியவர் ஒரு பள்ளியாசிரியர். சையது அப்துல் ரஹீம் என்பது அவர் பெயர். ஆட்டக்காரர்கள் அவரை ‘ரஹீம் சாகிப்’ என்று மதிப்புடன் அழைத்தனர்.

ரஹீம் 1909-ஆம் ஆண்டில் ஹைதராபாத் நகரிற் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். இளமையில் தாமும் பந்தாடினார். பின்னர்ப் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தார். உடற்பயிற்சிக் கல்வியையும் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். 1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரான அவர், தம் இறுதி நாள் வரை அப்பொறுப்பை விட்டாரில்லை.

வகுப்பறையிற் கற்ற ஓர் உண்மையை அவர் ஆடுகளத்திற்கும் கொண்டு வந்தார். மாணவன் எதில் வல்லவனோ அதையே மீண்டும் மீண்டும் செய்ய விரும்புவான்; எதில் மெலிந்தவனோ அதனை மறைப்பான். வலக்காலால் நன்றாக உதைப்பவன் இடக்காலை ஊன்றுகோலாக மட்டுமே வைத்துக் கொள்வான். எனவே, மெலிந்த காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்னும் விதியுடன் ரஹீம் போட்டிகள் நடத்தினார். பந்தைக் காலோடு ஒட்டி ஓட்டிச் செல்லுதல் கூடாது. வந்த பந்தை உடனே தோழனுக்குத் தள்ளிவிட வேண்டும் என்னும் விதியுடன் வேறு சில போட்டிகளையும் நடத்தினார். நம் ஊர்த் திடல்களில் மாலைப்பொழுதில் நடப்பதை நோக்குங்கள். பந்து கிடைத்தவன் அதனை எளிதில் விட மனங்கொள்ளான். ஏனையோர் இருபதின்மரும் புழுதி பறக்க அவன் பின்னே ஓடுவர். ரஹீம் விதித்த விதியின் அருமை அப்பொழுது விளங்கும்.

ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பதிலும் அவர் கண் கூரியது. செகந்தராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் சிற்றூரில், தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்த துளசிதாஸ் பலராமன் என்ற இளைஞனின் ஆட்டத்தைக் கண்டு, பயிற்சிக்கு வருமாறு பணித்தார். நாள்தோறும் அவ்வளவு தொலைவு வந்து போக இளைஞனிடம் மிதிவண்டி இல்லை. வறுமை மிகுந்த குடும்பம். மிதிவண்டியை வாடகைக்கு எடுக்க நாளொன்றுக்கு ஒரு ரூபாய் தம் கையிலிருந்தே ரஹீம் கொடுத்தார். அந்த ஒரு ரூபாய், பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை நாட்டிற்குத் தந்தது.

ரஹீம் பயிற்றிய ஹைதராபாத் நகரக் காவல் அணி, பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. இந்திய அணியின் பயிற்சிப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டு விழாவில், இறுதிப் பந்தயத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று இந்தியா தங்கம் பெற்றது.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் யூகோஸ்லாவியா இந்தியாவைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. வடபுலத்துக் குளிரில் நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். வெறுங்காலால் பந்தை ஆளும் திறம் நம்மவர்க்கு ஒரு பெருமையாகவே அது வரை இருந்தது. அந்தப் பெருமை அன்று ஒன்றரை மணி நேரத்திற் கரைந்தது. அதன்பின் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. பூட்ஸ் மட்டும் போதாது என்பதை ரஹீம் உணர்ந்திருந்தார்.

தகடூர் அதியமானின் வேல்கள், பகைவரைக் குத்தி நுனி முரிந்து, கொல்லனது உலைக்களத்திற் கிடந்தன என்று ஔவையார் தொண்டைமானிடம் உரைத்த செய்தி தருமபுரி மாணவர் அறியாததன்று. தகடூரே இன்றைய தருமபுரி. ரஹீமின் அணியும் ஹெல்சிங்கியிலிருந்து முனை முரிந்தே மீண்டது. அதனை உலையிலிட்டு வடிக்கும் பணி தொடங்கிற்று.

அக்காலத்தில் உலகிற்குப் புது முறை காட்டியவர் ஹங்கேரி நாட்டினர். 1953-இல் இலண்டன் வெம்பிளித் திடலில் இங்கிலாந்தை அவர்கள் ஆறுக்கு மூன்று என வென்றனர். நடு முன்னணியில் நிற்க வேண்டியவர் சற்றே பின்வாங்கி நிற்பார். அவரைத் தொடர்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று எதிரணிக் காவலர் மயங்குவர். அம்மயக்கத்தில் ஏற்படும் இடைவெளியிற் பிறர் புகுந்து விடுவர். இம்முறையை ரஹீம் கற்று, இந்திய ஆட்டக்காரர்க்கு ஏற்றவாறு அமைத்தார். 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அதன் பயன் விளைந்தது. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நான்குக்கு இரண்டு என்று இந்தியா வென்றது. நெவில் டிசூசா அடித்தவை மூன்று கோல்கள். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே பந்தயத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. பின்னர் யூகோஸ்லாவியாவிடமும் பல்கேரியாவிடமும் தோற்றாலும், இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒலிம்பிக் அரையிறுதியை அதற்கு முன் எந்த ஆசிய அணியும் எட்டியதில்லை.

1960-இல் ரோம் நகரில் ஹங்கேரியிடம் ஒன்றுக்கு இரண்டு எனத் தோற்று, பிரான்சுடன் ஒன்றுக்கொன்று எனச் சமன் செய்து, பெருவிடமும் தோற்று இந்திய அணி திரும்பியது. அவ்வணியில் ரஹீமின் மகன் ஹகீமும் இடம் பெற்றிருந்தார். ஆயினும் ஒரு பந்தயத்திலும் அவர் களமிறக்கப்படவில்லை.

இனி ஜகார்த்தா. 1962-இல் அங்கு நான்காம் ஆசிய விளையாட்டு விழா நடந்தது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசிய அரசு நுழைவு மறுத்தது. அதனால் விழாவின் பெயரையே மாற்ற வேண்டும் என்று இந்தியரான ஜி. டி. சோந்தி கருத்துரைத்தார். அதன் மேல் மூண்ட சினம் இந்தியர் அனைவர் மீதும் பாய்ந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இறுதிப் பந்தயமோ மறுநாள்.

அணியின் நிலையும் நன்றாக இல்லை. முதற் பந்தயத்தில் தென்கொரியா இந்தியாவை இரு கோல்களால் வென்றிருந்தது. தாய்லாந்துடன் ஆடியபோது பின்காவலர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்து, ஆறு தையல் இடப்பட்டது. பீட்டர் தங்கராஜ் காய்ச்சலிற் படுத்துவிட, பிரத்யுத் பர்மன் கோல் காத்து வந்தார்.

ரஹீமின் உடலையோ நுரையீரற் புற்றுநோய் அரித்துக் கொண்டிருந்தது.

இந்நிலையில் அவர் செய்த மாற்றங்கள் துணிவு மிக்கவை. தையலிட்ட தலையுடன் பின்காவலில் நின்று பந்தை முட்டுதல் ஜர்னைலுக்கு இயலாது. ஆனால் அவர் இளமையில் முன்னணியில் ஆடியவர்; உரம் மிக்கவர். அரையிறுதியில் அவரை முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். தென் வியட்நாமை இந்தியா மூன்றுக்கு இரண்டு என வென்றது; அவற்றுள் ஒரு கோல் ஜர்னைல் அடித்தது. அடுத்து, இறுதிப் பந்தயத்திற்குக் கோல் காப்பவர் யார் என்னும் கேள்வி. பர்மன் குறையின்றி ஆடியிருந்தார். அவரை நீக்குதல் வருத்தந் தருவதே. எனினும் கொரியர் உயரத்தே பந்தை அனுப்பித் தாக்குபவர். சென்னைப் படைப்பிரிவிற் சேர்ந்து ஆட்டந் தேர்ந்த தங்கராஜோ நெட்டையர். உயரத்துப் பந்தை எட்டிப் பிடிக்க வல்லவர். ரஹீம் தங்கராஜையே தேர்ந்தார்.

பந்தயத்திற்கு முன் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று அவர் ஆட்டக்காரரிடம் கேட்டதாகவும், அப்பரிசு தங்கமே என்று கூறியதாகவும் அணியினர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர்.

செப்டம்பர் 4-ஆம் நாள், ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் கூடிய செனாயன் அரங்கில் இந்திய அணி இறங்கியது. அரங்கு முழுவதும் ஏளனக் கூச்சல். இந்தியாவிற்கு ஆதரவாகக் குரல் கொடுத்தோர் பாகிஸ்தான் ஹாக்கி ஆட்டக்காரர்கள் என்பது வியப்பிற்குரிய செய்தி; அவர்கள் ஹாக்கி இறுதியில் இந்தியாவை வென்றவர்கள்! பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலை அடித்தார். மூன்று நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாவதை அடித்தார். கூச்சல் சற்றே அடங்கியது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடமே இருக்கையிற் கொரியர் ஒரு கோல் திருப்பினர். எஞ்சிய நிமிடங்களைத் தங்கராஜும் அருண் கோஷும் பிற காவலரும் கடத்தினர். சுனி கோஸ்வாமியின் தலைமையில் ஆடிய இந்தியா, இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றது.

கேட்ட பரிசு கிடைத்தது. அதனை வைத்து மகிழ ரஹீமுக்கு நெடுநாள் வாய்க்கவில்லை. பத்துத் திங்களுக்குள், 1963 ஜூன் 11-ஆம் நாள், ஐம்பத்து மூன்றாம் வயதில் அவர் மறைந்தார். 1970-இல் பாங்காக் ஆசிய விழாவில் இந்தியா கால்பந்தில் வெண்கலம் பெற்றபோது, பயிற்றுவித்தவருள் ஒருவராய்க் களத்தோரத்தில் நின்றவர், ஜகார்த்தாவில் முதற் கோல் அடித்த பி. கே. பானர்ஜி. ரோம் நகரிற் களங்காணாத ஹகீம், நடுவராகவும் பயிற்சியாசிரியராகவும் பல்லாண்டு பணியாற்றி 2021-இல் மறைந்தார். மிதிவண்டிக்கு ஒரு ரூபாய் பெற்ற பலராமன் 2023 பிப்ரவரி வரை வாழ்ந்தார். ஆசிய விளையாட்டு விழாக் கால்பந்தில், ஜகார்த்தாவிற்குப் பின் இந்தியாவிற்குத் தங்கம் வந்ததில்லை.