மண் காயும் முன்னே கழுவிவிடுங்கள்
முல்தானி மட்டி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எங்கள் தெரு பியூட்டி பார்லர் அக்கா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மண்மேல் பழி போடுவதை நான் ஏற்க மாட்டேன். பூசியது காய்ந்து, வெடித்து, வாயைத் திறக்க முடியாதபடி ஆகும்வரை என்னை உட்காரவைத்தது அவர்தான். "நல்லா இழுக்கட்டும்மா, அப்பதான் எண்ணெய் எல்லாம் வெளிய வரும்" என்றார். கழுவியபோது மூக்கின் இரு பக்கமும் சிவந்திருந்தது. மறுநாள் கன்னத்தில் தோல் செதில் செதிலாக உரிந்தது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

களிமண் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத தகடுகள். அவற்றின் பரப்பில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும், அதுதான் களிமண்ணின் வேலை. காயும்போது தண்ணீர் போய்ப் பூச்சு சுருங்குவதைத்தான் நாம் 'இழுக்குது' என்கிறோம். எண்ணெய் வெளியே வருவதற்கும் அந்த இழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. காய்ந்த பிறகும் வைத்திருந்தால் தோலின் ஈரமும் சேர்ந்து போகும்.

முல்தானி மட்டி தகடுகளுக்கு இடையிலும் தண்ணீரை வாங்கி உப்பும் வகை. உப்பியது காயும்போது சுருக்கமும் அதிகம். கயோலின் அப்படி உப்பாது. காலமைன் லோஷன் சிலவற்றிலும் பீங்கான் செய்வதிலும் சேரும் வெள்ளைக் களிமண் அதுதான். எண்ணெயை உறிஞ்சுவது கொஞ்சம் குறைவு, ஆனால் சாது. சருமம் ஒருமுறை புண்பட்டவர்கள் கயோலினுக்கு மாறிவிடுங்கள், நான் மாறிவிட்டேன்.

வாங்கும்போது டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அது பட்டியலில் முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் குறைந்தவற்றை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். முன்பக்கம் 'களிமண்' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, பட்டியலில் வாசனைப் பொருளுக்கும் கீழே கயோலினை வைத்திருந்தால் அந்தக் காசு மண்ணுக்கு இல்லை.

எண்ணெய் நிரந்தரமாக நிற்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எண்ணெய்ச் சுரப்பிகள் ஹார்மோன் சொல்கேட்டு நடப்பவை. மண் மேலே இருப்பதை எடுக்கும், உள்ளே போய்ச் சுரப்பியை அடக்காது. காலையில் கழுவினாலும் மதியச் சாப்பாட்டுக்குள் நம் மூக்கு மறுபடி பளபளக்கத்தான் செய்யும்.

மண் பூச்சு, தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில், வாரம் ஒருமுறை போதும். வெறும் தண்ணீரில் குழையுங்கள். எலுமிச்சை வேண்டவே வேண்டாம், எரிச்சலுக்கு அதுவே போதும். கண்ணாடி முன்னாலேயே நில்லுங்கள். நெற்றியோரம், மயிர் முளைக்கும் இடத்தில்தான் பூச்சு முதலில் வெளிறும். நடுக்கன்னத்தில் இன்னும் ஈரநிறம் இருக்கும். அந்த நேரத்தில் கழுவிவிட வேண்டும். மணி பார்க்காதீர்கள், மின்விசிறி ஓடினால் சீக்கிரமே காய்ந்துவிடும்.

கழுவிய கையோடு மாய்ஸ்சரைசர். "எண்ணெய் வழியற மூஞ்சிக்கு க்ரீம் எதுக்கு?" என்று எங்கள் அண்ணி கேட்பார். எண்ணெய் வேறு, ஈரம் வேறு அண்ணி. மண் இரண்டையும் எடுக்கிறது. எண்ணெயைச் சுரப்பி தானே தந்துவிடும், ஈரத்துக்கு நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.