முதல் ஸ்கேன் அறிக்கையைப் படித்தறிதல்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறிப் பேருந்துக்குக் காத்திருந்த நெசவாளர் அங்கத்தினர் ஒருவர், தம் மனைவியின் ஸ்கேன் அறிக்கையை என்னிடம் நீட்டினார். "ஐயா, ஆறாம் வாரமென்று எண்ணினோம். பை மட்டும் தெரிகிறதாம், துடிப்பு இல்லையாம். கலைக்க மாத்திரை வாங்கிவிடலாமா?" என்றார். அவ்வம்மையார் கண்கலங்கி நின்றார். இவ்வையம் பல இல்லங்களிலும் எழக்கூடியதாகலின், வைத்தியர்கள் கைக்கொள்ளும் முறையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

கிளாஸ்கோ நகர மருத்துவர் இயன் டொனால்டும் அவர்தம் சகாக்களும் ஒலியலையால் வயிற்றினுள் நோக்கும் முறையை 1958இல் வெளியிட்டனர். இன்று அது எங்கும் வழங்குகிறது.

கர்ப்ப வாரம் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. ஆகவே ஆறு வாரமெனில், கரு உண்டாகி ஏறத்தாழ நான்கு வாரமே ஆயிற்று. மாதவிலக்குத் தள்ளி வருவோர்க்கு இன்னும் குறைவு. உள்வழி ஸ்கேனில் ஐந்தாம் வாரத்தில் கருவைச் சூழும் பையும், ஐந்தரை வாரத்தில் மஞ்சட்கருப் பையும், ஆறாம் வாரத்தையொட்டிக் கருவும் இதயத் துடிப்பும் புலப்படும். வயிற்றின்மேல் வைத்துப் பார்த்தால் இவை சில நாட்கள் பிந்தும்.

கரு கலைந்ததென ஒரே ஸ்கேனில் உறுதி கூற அளவுகள் உண்டு. கருவின் நீளம், அதாவது சி.ஆர்.எல்., 7 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் துடிப்பு இல்லாதிருத்தல் ஒன்று. பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தும் கரு காணப்படாதிருத்தல் மற்றொன்று. அளவு இவற்றிற்குக் குறைவாயின், 7 முதல் 14 நாட்கள் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். ஒரு நாளின் கையிருப்பை மட்டும் கண்டு சங்கம் நஷ்டமுற்றதென எந்த ஆய்வாளரும் எழுதுவதில்லை; இரு தேதிகளின் கணக்கை ஒப்பிட்ட பின்னரே எழுதுவார். இதுவும் அத்தகையதே.

ஆயினும் ஒன்றில் தாமதம் கூடாது. சோதனையில் கர்ப்பம் உறுதிப்பட்டும் கர்ப்பப்பையினுள் பை காணப்படாவிடில், கரு குழாயில் தங்கியிருக்கவும் கூடும். அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், தோள்வலி, உதிரப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினும் உடனே மருத்துவமனை சேர்க. புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையை நம் வட்டாரத்தார் நன்கறிவர்.

தொடக்கத்தில் கரு கலைவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் குறையாலேயே நேர்வது. தறியில் அமர்ந்ததாலோ, வயலில் இறங்கியதாலோ என்று பெண்ணைப் பழித்தல் அநியாயம். வைத்தியர் சொல்லின்றிக் கலைப்பு மாத்திரை உட்கொள்ளுதல் ஆபத்து. கருவின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அன்று நான் கண்ட அறிக்கையில் பையின் விட்டம் 12 மில்லிமீட்டர். அடியில் "பத்து நாட்களில் மீண்டும் பார்க்க" என்றிருந்தது. அவ்வரியைப் படித்துக் காட்டினேன். மாத்திரைக் கடைக்குச் செல்லாமல் இருவரும் பேருந்தேறினர். அடுத்த ஸ்கேன் தரும் விடை மகிழ்ச்சியாயினும் துயராயினும், அது அளந்தறிந்த விடையாக இருக்கும்.