1800-க்கு மேல ஓட்டாத என்ஜினை நம்பலாமா?

பழைய மோட்டார் யாட்டை விற்கிறவர்கள் பெருமையா சொல்ற விஷயம் ஒண்ணு இருக்கு: "இந்த என்ஜினை 1800 ஆர்.பி.எம்.முக்கு மேல நான் முடுக்கினதே இல்ல." கேட்கிறவருக்கும் சந்தோஷமா இருக்கும். பொத்திப் பொத்தி வச்சிருந்திருக்காருன்னு தோணும். ஆனா இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு அந்த இடத்துல ஒரு சந்தேகம் வரணும். அந்த என்ஜின் முழு வேகத்துல என்ன ஆகும்னு விற்கிறவருக்கே தெரியாதுன்னுதானே அதுக்கு அர்த்தம்?

நம்மில் யாரும் பிளேஸ்மென்ட் முடிஞ்ச கையோட யாட் வாங்கப் போறதில்ல, சரி. ஆனா ஒரு மெஷினைப் பிரிக்காமலே உள்ளே என்ன நிலைமைன்னு கண்டுபிடிக்கிறது நம்ம வேலைதான். அதைப் பழக இது ரொம்ப நல்ல உதாரணம். இங்கே தப்பு பண்ணா தண்டம் பெருசு. ஒரு பழைய படகுக்கு ரெண்டு என்ஜினையும் புதுசா மாத்தினா, அந்தச் செலவு படகு வாங்கின விலையையே தொட்டுடலாம்.

பொதுவா பேசாம ஒரே ஒரு படகை எடுத்துக்குவோம். கிராண்ட் பேங்க்ஸ் 42. அமெரிக்கன் மரைன் என்ற கம்பெனி முதல்ல ஹாங்காங்கிலும் அப்புறம் சிங்கப்பூரிலும் கட்டின படகு. 42 அடி நீளம். உள்ளேயே சமைச்சு, தூங்கி, வாரக்கணக்கா தங்கலாம். ஆரம்பத்துல மரத்துல கட்டினாங்க, 1973-ல ஃபைபர்கிளாஸுக்கு மாறினாங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடாவிலும் சியாட்டில் பக்கமும் நாற்பது வருஷம் தாண்டின கிராண்ட் பேங்க்ஸ் படகுகள் இன்னமும் கை மாறிக்கிட்டு இருக்கு. அந்தக் காலப் படகுகள்ல பெரும்பாலும் ரெண்டு ஃபோர்டு லேமன் 120 என்ஜின் இருக்கும். பிரிட்டன் ஃபோர்டு தயாரிச்ச 6 சிலிண்டர், 6.2 லிட்டர் டீசல் என்ஜினை நியூ ஜெர்சியில இருந்த லேமன் கம்பெனி கடலுக்கு ஏத்த மாதிரி மாத்தி வித்தாங்க. டர்போ கிடையாது. 2500 ஆர்.பி.எம்.ல 120 குதிரைத்திறன். அவ்ளோதான். முரட்டு என்ஜின், நல்லா பார்த்துக்கிட்டா ரொம்ப வருஷம் உழைக்கும். அந்த 'நல்லா பார்த்துக்கிட்டா' என்பதைத்தான் நாம சரிபார்க்கணும்.

மீட்டரைப் பார்த்து மயங்காதீங்க

1980-ல கட்டின படகு, மீட்டர்ல 900 மணி நேரம்தான் காட்டுதுன்னு வைங்க. குறைஞ்ச ஓட்டம், அடிச்சது அதிர்ஷ்டம்னு நினைக்கத் தோணும். கணக்குப் போட்டா வருஷத்துக்கு இருபது மணி நேரம் வருது. அப்போ மீட்டர் நடுவுல மாத்தப்பட்டிருக்கணும், இல்லன்னா அந்த என்ஜின் வருஷத்துல முக்கால்வாசி உப்புக் காத்துல சும்மா நின்னிருக்கணும். நிக்கிற டீசல் என்ஜினுக்குள்ள சிலிண்டர் சுவர்ல துரு பிடிக்கும், ரப்பர் காயும், டாங்க்ல இருக்கிற டீசல் கெடும். 4000 மணி நேரம் ஓடி, ஒவ்வொரு ஆயில் மாத்தினதும் நோட்டுல தேதியோட எழுதி வச்சிருக்கிற என்ஜினைத்தான் நான் எடுப்பேன்.

நோட்டு கையில கிடைச்சா ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்க. லேமன் 120-ல இருக்கிற சிம்ஸ் இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்குத் தனியா ஒரு ஆயில் தொட்டி உண்டு. என்ஜின் ஆயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மாத்தணும். டீசல் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு அந்த ஆயிலை நீர்க்க வச்சிடும் என்பதுதான் காரணம். "பம்ப் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?"ன்னு கேளுங்க. உடனே தேதி சொன்னா அவர் என்ஜின் மேனுவலைப் படிச்ச ஆளு. "எந்தப் பம்ப்?"னு திருப்பிக் கேட்டா, மிச்ச எல்லாத்தையும் ரெண்டு மடங்கு கவனமா பாருங்க.

நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருந்தா

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கப் போனவங்களுக்கு இது தெரியும். போய் நிக்கும்போதே சைலன்சர் சூடா இருந்தா ஏதோ மறைக்கிறாங்க. யாட்லயும் அதேதான். முன்கூட்டியே "குளிர்ந்த என்ஜினைத்தான் பார்ப்பேன்"னு சொல்லிடுங்க, போனதும் முதல் வேலையா பிளாக் மேல கை வைங்க.

தேய்ஞ்ச ரிங், கம்ப்ரஷன் குறைவு, இன்ஜெக்டர் கோளாறு எல்லாம் குளிர்ந்த ஸ்டார்ட்லதான் வெளிய வரும். ரெண்டு மூணு சுத்துல பத்திக்கணும். வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரலாம். அது எரியாத டீசல், சூடாக ஆக நிக்கணும். நீலப் புகைன்னா என்ஜின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். சூடான பிறகும் வெள்ளையா வந்துக்கிட்டே இருந்தா, சிலிண்டருக்குள்ள தண்ணி போகுதான்னு பார்க்கணும்.

தண்ணி போற வழி

கார் என்ஜினுக்கும் படகு என்ஜினுக்கும் இருக்கிற பெரிய வித்தியாசம் ரேடியேட்டர். படகுல அது கிடையாது. என்ஜினுக்குள்ள கூலன்ட் சுத்தும், அந்தக் கூலன்ட்டைக் கடல் தண்ணி குளிர வைக்கும். ஒரு ரப்பர் இம்பெல்லர் பம்ப் கடல் தண்ணியை இழுத்து, ஆயில் கூலர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா அனுப்பி, கடைசியில எக்ஸாஸ்ட் எல்போவுல புகையோட கலந்து வெளிய தள்ளும். படகுக்குப் பின்னாடி புகையும் தண்ணியும் சேர்ந்து துப்புறதைப் பார்த்திருப்பீங்களே, அதுதான் இது.

இந்த வழியில இருக்கிற ஒவ்வொரு பாகத்தையும் உப்புத் தண்ணி அரிக்கும். எல்போ உள்ளுக்குள்ள ஓட்டையானா, என்ஜின் நின்ன பிறகு தண்ணி பின்னோக்கி வழிஞ்சு எக்ஸாஸ்ட் வால்வு வழியா சிலிண்டருக்குள்ளயே போகும். கியர்பாக்ஸ் ஆயில் கூலர்ல ஓட்டை விழுந்தா, கடல் தண்ணி கியர்பாக்ஸுக்குள்ள போய் ஆயில் டீக்கடைப் பால் மாதிரி வெளுத்துடும். அதனால டிப்ஸ்டிக் பார்க்கும்போது என்ஜினோட நிறுத்திடாதீங்க, கியர்பாக்ஸ்லயும் உருவிப் பாருங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல பென்சில் மாதிரி ஒரு ஜிங்க் துண்டு திருகியிருக்கும். அது தன்னை அரிக்கக் கொடுத்து மத்ததைக் காப்பாத்தற அனோட். கழட்டிப் பாருங்க. பாதி கரைஞ்சிருந்தா நல்லது, வேலை செஞ்சிருக்கு. மொத்தமா காணாமப் போயிருந்தா, அதுக்கப்புறம் உப்புத் தண்ணி கூலரோட உலோகத்தைத் தின்ன ஆரம்பிச்சிருக்கும்.

இப்போ அந்த 1800

கடலுக்குள்ள எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பார்க்கிறதை சீ ட்ரையல்னு சொல்வாங்க. பெரும்பாலானவங்க இதை ஒரு உல்லாசப் பயணமா ஆக்கிடுறாங்க. ஏழு எட்டு நாட் வேகத்துல ஒரு சுத்து, டால்ஃபின் தெரிஞ்சா ஒரு செல்ஃபி. இது டெஸ்ட்டே இல்ல. ஏன்னு கணக்குல பார்ப்போம்.

ப்ரொப்பெல்லர் கேட்கிற பவர், சுத்துற வேகத்தோட மூணாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி கூடும். பம்ப் பத்தின பாடத்துல படிச்ச அதே விதிதான், தோராயமா இங்கேயும் பொருந்தும். 2500-ல 120 குதிரைத்திறன்னா, 1800-ல எவ்வளவு? 1800-ஐ 2500-ஆல வகுத்தா 0.72. அதோட க்யூப் 0.37. அதாவது சுமார் 45 குதிரைத்திறன். வேகம் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலதான் குறைஞ்சிருக்கு, ஆனா என்ஜின் சுமையில மூணுல ரெண்டு பங்கு போயிடுச்சு!

இன்னும் சுவாரசியமான இடம் கூலிங். கடல் தண்ணி பம்ப்பை என்ஜின்தான் சுத்துது, அதனால 1800-ல தண்ணி வரத்து முழு வேகத்துல வர்றதுல சுமார் 72 சதவீதம் இருக்கும். வெளியேத்த வேண்டிய வெப்பமோ சுமையை ஒட்டி 40 சதவீதத்துக்குப் பக்கம்தான். அப்போ 1800-ல, ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தண்ணி கிடைக்குது. ஹீட் எக்ஸ்சேஞ்சர் பாதி அடைச்சிருந்தாலும் டெம்ப்பரேச்சர் முள் நார்மல்லயே நிக்கும். விற்கிறவர் பொய் சொல்லல. அவருக்கு நிஜமாவே ஒரு பிரச்சினையும் தெரிஞ்சிருக்காது. புயல் வரும்போதோ, எதிர் நீரோட்டத்துல துறைமுகத்துக்குள்ள நுழையும்போதோ முழுசா முடுக்க வேண்டிய அன்னைக்குத்தான் அது தெரியவரும்.

அதனால, நல்லா சூடானதுக்கு அப்புறம் படிப்படியா ஏத்தி, முழு த்ராட்டில்ல சுமார் பத்து நிமிஷம். முள் ஏறி ஒரு இடத்துல நின்னா சரி. நிக்காம ஏறிக்கிட்டே போனா உடனே குறைச்சிடுங்க, பதில் கிடைச்சாச்சு. அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒண்ணு கொண்டு போனா ரெண்டு என்ஜின்லயும் ஒரே இடத்தைக் குறிவச்சு அளக்கலாம். ஹீட் எக்ஸ்சேஞ்சர், எல்போ, ஒவ்வொரு எக்ஸாஸ்ட் போர்ட். ரெண்டு என்ஜின் இருக்கிறதோட பெரிய லாபமே இதுதான். ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுக்கலாம், ரெஃபரன்ஸுக்கு வேற எங்கேயும் போக வேண்டாம்.

ஆர்.பி.எம்.மையும் அப்படித்தான் படிக்கணும். டாஷ்போர்டு டாக்கோமீட்டரை நம்பாதீங்க, பழைய படகுல அது நூறு இருநூறு தப்பா காட்டறது சகஜம். கிராங்க் புல்லியில பளபளக்கிற டேப் துண்டு ஒட்டி ஆப்டிகல் டாக்கோமீட்டரால அளக்கணும். ரெண்டு என்ஜினும் 2500 தொட்டா நல்லது. ரெண்டுமே 2200-ல நின்னா என்ஜினைக் குறை சொல்ல அவசரப்படாதீங்க: படகு அடியில சிப்பியும் பாசியும் ஒட்டியிருக்கலாம், இல்லன்னா யாரோ பெரிய பிட்ச் ப்ரொப்பெல்லர் போட்டிருக்கலாம். ஒண்ணு மட்டும் 2200-ல நின்னு கரும்புகை விட்டா, அந்த ஒரு பக்கத்துல என்ஜினோ அதோட ப்ரொப்பெல்லரோ சரியில்ல. பிட்ச் அதிகமான கேஸும் சின்ன விஷயமில்ல. அந்த என்ஜின் தினசரி ஓடுற 1800-லயே 45-க்குப் பதிலா 58 குதிரைத்திறன் பக்கம் சுமந்துக்கிட்டு இருக்கும், அதுவும் வருஷக்கணக்கா.

விற்கிறவர் முழு த்ராட்டிலுக்கு ஒத்துக்காம போகலாம். பாதி நேரம் அவர் பயத்துல நியாயமும் இருக்கும், காய்ஞ்ச ஹோஸ் வெடிக்கலாம். அதனால ஹோஸ், பெல்ட், கூலன்ட், ஆயில் எல்லாத்தையும் அவர் முன்னாடியே பார்த்துட்டு, முழு வேக டெஸ்ட் உண்டுன்னு ஒப்பந்தத்திலேயே எழுதிடணும். அப்படியும் முடியாதுன்னா, ரெண்டு என்ஜினும் ரிப்பேருக்கு வரும்னு வச்சுக்கிட்டு விலை பேசுங்க.

என்ஜினுக்கு மேல ஒழுகுற தளம்

ஹல்லைப் பத்தி அதிகம் சொல்லப் போறதில்ல. படகைத் தண்ணியில இருந்து தூக்கி, சர்வேயர் சின்ன சுத்தியலால தட்டித் தட்டிக் கேட்பார். கணீர்னு வந்தா சரி, மொத்துனு வந்தா ஃபைபர் அடுக்கு பிரிஞ்சிருக்கலாம். அது அவர் வேலை, செய்யட்டும்.

ஆனா கிராண்ட் பேங்க்ஸுக்குன்னே ஒரு வியாதி இருக்கு, அதை நீங்களே தேடலாம். மேல் தளத்துல அழகான தேக்குப் பலகை. அதை ஃபைபர் தளத்துல ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒரு ஓட்டைதான். பலகை இடுக்குல இருக்கிற ரப்பர் பட்டை காய்ஞ்சதும் தண்ணி அது வழியா இறங்கும். இறங்கிப் போய்ச் சொட்டுற இடங்கள்ல ஒண்ணு டீசல் டாங்க்கோட தலை. பழைய படகுல டாங்க் சாதாரண இரும்பு. மேல இருந்து துரு பிடிச்சு உள்ள இறங்கும், பக்கவாட்டுல பெயின்ட் பளபளன்னு இருக்கும். டாங்க் என்ஜினுக்கும் படகுச் சுவருக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு, மாத்தணும்னா அங்கேயே துண்டு துண்டா வெட்டணும், இல்ல என்ஜினை நகர்த்தணும். தேக்குப் பலகை பழசாயிடுச்சேன்னு வருத்தப்படறதோட விட்டுடாதீங்க. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துட்டுப் போய் டாங்க்கோட தலையைப் பாருங்க. கண்ணாடி போக இடமில்லன்னா போன் கேமராவை உள்ள விட்டு வீடியோ எடுங்க.

பணம் கொடுக்கிற வரிசை

அமெரிக்காவுல வழக்கமா விலையில பத்து சதவீதம் அட்வான்ஸ், அதுவும் "சர்வேயும் சீ ட்ரையலும் திருப்தியா இருந்தா மட்டும்" என்ற நிபந்தனையோட. சர்வே செலவும் படகைத் தூக்கிற செலவும் வாங்குறவர் தலையில. ஹல் பார்க்கிற சர்வேயர் வேற, என்ஜின் பார்க்கிற டீசல் மெக்கானிக் வேற. காசை மிச்சம் பண்றேன்னு முதல் ஆளையே ரெண்டையும் பார்க்கச் சொல்றவங்க நிறைய. விற்கிறவரோ புரோக்கரோ கைகாட்டுற ஆளையும் எடுக்காதீங்க.

சீ ட்ரையல் முடிஞ்சு திரும்பினதும், ஆயில் சூடா இருக்கும்போதே ரெண்டு என்ஜின், ரெண்டு கியர்பாக்ஸ், மொத்தம் நாலு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பணும். இரும்பு கூடினா லைனர் மாதிரி பாகம் தேயுது, செம்பு கூடினா பேரிங் அல்லது கூலர். சோடியம் வந்தா கூலன்ட்டோ கடல் தண்ணியோ உள்ள போகுது, கூடவே மெக்னீசியமும் ஏறியிருந்தா கடல் தண்ணி மேல சந்தேகம் கூடும். ஆனா ஆயில் கடைசியா எப்போ மாத்தினதுன்னு கேட்டுத்தான் படிக்கணும், போன வாரம் ஊத்தின ஆயில் எல்லாத்தையும் நல்லதாவே காட்டும். ரிப்போர்ட் வர சில நாள் பிடிக்கும். 'படகை ஏத்துக்கறேன்'னு கையெழுத்துப் போடுற கடைசித் தேதியை அதுக்கும் பின்னாடி தள்ளி வைக்கச் சொல்லி முதல் நாளே கேட்டுக்கோங்க.