நகரத்தின் கணக்கேட்டில் காலநிலை

காலநிலை மாற்றம் பற்றிய உடன்படிக்கைகளில் கையெழுத்திடுவோர் நாடுகளின் தலைவர்கள். அதன் விளைவுகளை முதலில் எதிர்கொள்வோர் நகரங்களை நடத்துவோர். மழைநீர் வடிகால், குடிநீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு, நகர மருத்துவமனை ஆகியவை மாநகராட்சியின் பொறுப்பில் இருப்பவை. பெருமழையும் கடும் வெப்பமும் முதலில் சோதித்துப் பார்ப்பதும் இவற்றையே.

நம் நாட்டில் ஒரு நகரத்தின் தலைவர் யார் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. மன்றத்துக்கு மேயர் தலைமை தாங்குகிறார். நிருவாக அதிகாரமோ பெரும்பாலும் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம் இருக்கிறது. தில்லியில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு; அகமதாபாத்தில் இரண்டரை ஆண்டு; இந்தூரில் மக்களே நேரடியாக ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தது உண்மை. ஆயினும் எந்தப் பணியை, எந்த வருவாயோடு அவற்றிடம் ஒப்படைப்பது என்பதை மாநிலங்களே முடிவு செய்கின்றன. பெருங்கடன் வாங்குவதற்கும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். இத்தகைய வரம்புகளுக்குள் ஒரு நகரம் உண்மையில் என்ன செய்கிறது என்பதை அறிய, அது வெளியிடும் வண்ண அறிக்கைகளைக் காட்டிலும் அதன் கணக்கேடே நம்பத்தக்க சான்று. அந்தக் கோணத்திலேயே சில நகரங்களை இங்குக் காண்போம்.

செலவு குறைந்த ஒரு முயற்சி

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசைத் தொட்டது. அந்த ஒரே மாதத்தில், முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களை விட 1,344 இறப்புகள் கூடுதலாக நிகழ்ந்தன என்பது பின்னர் ஆய்வில் தெரியவந்தது. வெள்ளமோ புயலோ போல வெப்பம் தன் சேதத்தைக் கண்முன் பரப்பிவைப்பதில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் முதுமையாலோ மாரடைப்பாலோ இறந்தவர்களாகவே பதிவேட்டில் இடம்பெறுவர். எண்ணிப் பார்த்தபிறகே பேரிடர் நடந்தது தெரிகிறது.

அந்நகர மாநகராட்சி, காந்திநகரிலுள்ள இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் முதலியவற்றுடன் இணைந்து 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. தெற்காசியாவில் இதுவே முதலாவது. அதன் அமைப்பு எளிமையானது. வானிலை முன்னறிவிப்பு 41 பாகையைக் கடந்தால் மஞ்சள், 43ஐக் கடந்தால் ஆரஞ்சு, 45ஐ எட்டினால் சிவப்பு என எச்சரிக்கைகள் வெளியாகும். ஒவ்வொரு நிறத்துக்கும் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கும்: மருத்துவமனைகள் கூடுதல் படுக்கைகளை ஆயத்தம் செய்யும், தண்ணீர்ப் பந்தல்கள் திறக்கப்படும், கைப்பேசிகளுக்குக் குறுஞ்செய்தி போகும், கட்டடத் தொழிலாளரின் வேலை நேரம் மாற்றப்படும். மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் மேல்தளத்தில் இருந்த மகப்பேற்றுப் பிரிவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதும், வெப்பத்தால் பாதிக்கப்பட்டுத் தீவிர சிகிச்சைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. இதற்கு ஆன செலவு, கட்டில்களைச் சுமந்து இறக்கிய கூலியை விடச் சற்றே கூடுதலாக இருந்திருக்கும். திட்டம் நடைமுறைக்கு வந்தபின் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பல இந்திய நகரங்கள் இத்திட்டத்தைப் பின்பற்றின. பெயரளவில் பின்பற்றியவையும் உண்டு. பொறுப்பாளரும் பணமும் குறிக்கப்படாத வெப்பத் திட்டம் வெறும் அறிவுரைக் கையேடு.

மும்பை 2022 மார்ச்சில் காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டது. 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வு என்பது அதன் இலக்கு. 2024 ஜூனில் அம்மாநகராட்சி, இந்திய நகரங்களிலேயே முதலாவதாக, காலநிலை வரவுசெலவு அறிக்கையையும் வெளியிட்டது. இதைத் தனியாக ஒதுக்கிவைத்த பணம் என்று எண்ணிவிடலாகாது. சாலை, வடிகால், கழிவுநீர் என ஏற்கெனவே திட்டமிட்ட மூலதனச் செலவுகளில் காலநிலையோடு தொடர்புடையவை எவை என்று அடையாளமிட்டுக் காட்டும் முறை இது. ஆஸ்லோ நகரம் இம்முறையைத் தொடங்கி வைத்தது. மும்பையில் அவ்வாறு அடையாளமிடப்பட்ட தொகை 10,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டில் மும்பைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கவில்லை. 2022 மார்ச்சில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தபின் நிருவாகியே நகரை நடத்திவந்தார். தொகை எந்த வட்டத்துக்கு எவ்வளவு போகிறது என்று கேட்பதற்கு உறுப்பினர்கள் அற்ற அவையில்தான் இந்திய நகரம் ஒன்றின் முதல் காலநிலை வரவுசெலவு அறிக்கை அரங்கேறியது. முறை சரியானது, அதைக் கேள்வி கேட்க வேண்டியவர்கள்தாம் அன்று அங்கு இருக்கவில்லை.

இந்தூரின் மின்கட்டணம்

மாள்வா மேட்டுநிலத்தில் அமைந்த இந்தூருக்குப் பெரிய ஆறு எதுவும் அருகில் இல்லை. 1970களின் இறுதியிலிருந்து அந்நகரம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஜலூத் என்னுமிடத்தில் நர்மதை நீரை எடுத்து, விந்திய மலைச்சரிவின் மீது ஏற்றி நகருக்குக் கொண்டுவருகிறது. தண்ணீருக்கு விலை இல்லை. அதை மேலேற்றும் மின்சாரத்துக்கே விலை. மாநகராட்சியின் மிகப்பெரிய செலவினங்களில் ஒன்றாக அந்த மின்கட்டணம் வளர்ந்தது. நிலக்கரி மின்சாரத்தால் நீரேற்றும் நகரம் ஒவ்வொரு குடம் தண்ணீருக்கும் சிறிது கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது.

இதற்குத் தீர்வாக ஜலூதை அடுத்து 60 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைக்க இந்தூர் முடிவெடுத்தது. அதற்கான பணத்தை 2023 பிப்ரவரியில் பொதுமக்களிடம் பசுமைக் கடன்பத்திரங்கள் வெளியிட்டுத் திரட்டியது. இதற்கு முன் 2021இல் காசியாபாத் மாநகராட்சி 150 கோடி ரூபாய்க்குப் பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டதுண்டு; சாகிபாபாத் தொழிற்சாலைகளுக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்து வழங்கும் நிலையத்துக்காக அது திரட்டப்பட்டது. அப்பத்திரங்களை வாங்கியோர் நிறுவன முதலீட்டாளர்கள். தனிமனிதரும் விண்ணப்பிக்கக்கூடிய பொது வெளியீடாகப் பசுமைக் கடன்பத்திரத்தை முதலில் கொண்டுவந்தது இந்தூரே.

வெளியீட்டின் அடிப்படைத் தொகை 122 கோடி. கூடுதல் விண்ணப்பங்கள் வந்தால் மேலும் 122 கோடி வரை ஏற்றுக்கொள்ள வழி இருந்தது. அடிப்படைத் தொகையைப் போல ஏறத்தாழ ஆறு மடங்குக்கு விண்ணப்பங்கள் குவிந்தமையால் முழுத் தொகையான 244 கோடியும் திரட்டப்பட்டது. வட்டி ஆண்டுக்கு 8.25 விழுக்காடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வழங்கப்படும். ஒவ்வொரு 1,000 ரூபாய்ப் பத்திரமும் 250 ரூபாய் கொண்ட நான்கு பாகங்களாகப் பிரிக்கப்பட்டது. முதற்பாகம் மூன்றாம் ஆண்டிலும், அடுத்தவை ஐந்து, ஏழு, ஒன்பதாம் ஆண்டுகளிலும் முதிரும். நகரத்தின் கண்ணோட்டத்தில் இதன் பொருள், ஒரே ஆண்டில் 244 கோடியைத் திருப்பித் தரும் நெருக்கடி நேராது, நான்கு தவணைகளில் 61 கோடி வீதம் தந்தால் போதும் என்பது.

இக்கணக்கு கைகூடுமா என்று நாமே தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். முதல் மூன்றாண்டுகளில் ஆண்டு வட்டி ஏறத்தாழ 20 கோடி ரூபாய். ஒரு கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும் என்று கொண்டால், 60 மெகாவாட் நிலையம் நாளுக்கு 2.4 லட்சம் யூனிட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8.76 கோடி யூனிட்டும் தரும். யூனிட்டுக்கு 5 ரூபாய் மிச்சப்பட்டால் ஆண்டுக்கு 43 கோடிக்குச் சற்று மேல். பராமரிப்பும் மின்கடத்தல் கட்டணமும் போக வட்டிக்கும் அசலில் ஒரு பகுதிக்கும் அது இடங்கொடுக்கும். நம் மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுவதால், ஆண்டுக்கு 61,000 டன் அளவில் உமிழ்வும் தவிரும். கதிரவன் பகலில் மட்டுமே உழைக்கிறான். நீரேற்று எந்திரங்களோ இரவும் ஓட வேண்டியவை. பகலில் மிகும் மின்சாரத்தை மின்கட்டமைப்புக்குக் கொடுத்து இரவுக் கணக்கில் கழித்துக்கொள்ள மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் எத்தகைய விதிகளை வைக்கிறதோ, அவற்றைப் பொறுத்து இந்த எண்கள் ஏறவோ இறங்கவோ கூடும்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். மேலேற்றிய நீரில் ஒரு பங்கு, வீடுகளை அடையுமுன்னே குழாய்க் கசிவில் வீணாவது நம் நகரங்கள் பலவற்றில் காணும் குறை. கசிவை அடைத்தால் தண்ணீரும் மிஞ்சும், அதை ஏற்றிய மின்சாரமும் மிஞ்சும். கசிவடைப்புக்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதாலோ என்னவோ, அதற்கெனப் பசுமைக் கடன்பத்திரம் வெளிவந்ததாகச் செய்தி படிப்பது அரிது.

வருவாய் ஈட்டாத பணிகள்

மின்கட்டணத்தைக் குறைக்கும் திட்டத்துக்குப் பணம் கிடைத்தது. அகமதாபாத்தின் வெப்பத் திட்டம் உயிர்களைக் காத்தது. மாநகராட்சிக்கு ஒரு ரூபாயும் அதனால் வரவில்லை. குடிசைக் கூரைக்கு வெள்ளையடித்து வீட்டைக் குளிர்விப்பதால் யாருடைய கட்டண ரசீதும் மாநகராட்சிக்கு வந்து சேராது. காலநிலை நெருக்கடியில் ஏழை எளியோரைக் காக்கும் பணிகளில் பெரும்பாலானவை இத்தகையவை. கடன் சந்தை இவற்றைத் தானாகத் தேடி வராது. நகரத்தின் பொது வருவாயே இவற்றைத் தாங்க வேண்டும்; அந்தப் பொது வருவாயின் முதுகெலும்பு சொத்து வரி. நுழைவு வரி சரக்கு சேவை வரியில் கலந்துவிட்ட பின்னர், மாநகராட்சி தானே விதித்துத் தானே வசூலிக்கும் பெரிய வரி அது ஒன்றே.

2025 மே மாதம் பெருநகர சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க் கடன்பத்திரங்களைத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. கோசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியின் மழைநீர் வடிகாலுக்கான நிதி அது. மழைநீர் வடிகாலுக்கு யாரும் கட்டணம் செலுத்துவதில்லை. இருந்தும் முதலீட்டாளர்கள் முன்வந்தனர் என்றால், அவர்கள் நம்பியது வடிகாலை அன்று, நகரம் ஒழுங்காக வரி வசூலிக்கும் என்பதை.

சிறு நகரங்களுக்கு இவ்வழி எளிதில் திறவாது. தரமதிப்பீடு பெறுவதற்கும் கணக்குகளைத் தணிக்கை செய்து ஒழுங்குபடுத்துவதற்கும் ஆகும் செலவே அவற்றுக்குச் சுமை. இதற்கு ஒரு முன்மாதிரி தமிழ்நாட்டில் உண்டு. 2002-03ஆம் ஆண்டுவாக்கில் 13 உள்ளாட்சிகளின் குடிநீர், கழிவுநீர்த் தேவைகளை ஒன்றுதிரட்டி, அவற்றின் சார்பில் ஒரே கூட்டு நிதியம் ஏறத்தாழ 30 கோடி ரூபாய்க்குக் கடன்பத்திரம் வெளியிட்டது. தனித்தனியே சந்தைக்குச் செல்ல இயலாதவை கூட்டாகச் சென்றன. வெள்ளமும் வறட்சியும் மாறி மாறி வரும் இக்காலத்தில் அம்முறையை மீண்டும் எடுத்தாள்வதற்கு நல்ல காரணங்கள் உள்ளன.

முதலீடு செய்வோர் கவனத்துக்கு

இத்தகைய பத்திரங்களை வாங்க எண்ணும் வாசகர்கள், "பசுமை" என்ற சொல்லைக் கண்டு வாங்குவதும் தவிர்ப்பதும் முறையன்று. இவை வங்கி வைப்புத்தொகை அல்ல. வைப்புக் காப்பீடு இவற்றுக்கு இல்லை. வட்டிக்கு வருமான வரி உண்டு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்தாலும், அவசரத்துக்கு விற்க முனையும் நாளில் வாங்குவோர் இல்லாமற் போகக்கூடும். முதிர்வுவரை வைத்திருக்க இயலும் பணத்தையே இவற்றில் இடுவது நலம்.

சலுகை ஆவணத்தில் முதலில் காண வேண்டியது தனிக்கணக்கு பற்றிய பகுதி. எந்த வரியும் கட்டணமும் நேரே அக்கணக்கில் சேரும், அதிலிருந்து வட்டிக்கும் அசலுக்கும் எடுத்துவைத்த பிறகே மிச்சம் மாநகராட்சிக்குப் போகுமா என்பதை அதில் படிக்கலாம். அடுத்துக் காண வேண்டியது சொத்து வரியில் ஆண்டுதோறும் எத்தனை விழுக்காடு உண்மையில் வசூலாகிறது என்பது. இந்தூரின் பத்திரங்களுக்கு இரு நிறுவனங்கள் ஏஏ, ஏஏ பிளஸ் என்ற உயர் தரமதிப்பீட்டை வழங்கின. எனினும் தரமதிப்பீடு இடையில் மாறக்கூடியது என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதைப் பார்த்துக்கொள்வது நல்லது. கடைசியாக, பசுமைக் கடன்பத்திரம் வெளியிட்டோர் திரட்டிய பணம் எங்கே செலவானது, சுற்றுச்சூழலுக்கு விளைந்த பயன் என்ன என்பவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. பத்திரம் வாங்காதவரும் அவ்வறிக்கையைப் படிக்கலாம். அந்நகரில் வரி கட்டுவோர் என்ற முறையில் அவர்களும் அக்கடனுக்கு ஈடு நிற்பவர்களே.