விற்கிற பொருளை வீட்டிலேயே படம் எடுப்போம்



1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் லயங்களிலிருந்து மூட்டை கட்டிப் போன குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் குடியேறியதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற இடங்களில் நம் சொந்தபந்தங்கள் இன்றும் இருக்கிறார்கள். கொழுந்து பறித்த கைகள் சில அங்கே பனையோலை பின்னப் பழகிக்கொண்டன. கடகம், சுளகு, நீத்துப்பெட்டி மட்டுமல்ல, இப்போது கைப்பை, பூக்கூடை என்றும் செய்கிறார்கள். வாங்குகிறவர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். அவர் பெட்டியைத் தொட்டுப் பார்க்க வழியில்லை. போனில் வருகிற படத்தை நம்பித்தான் காசு அனுப்புகிறார்.

இந்தப் படத்தால் நாங்கள் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டோம். அங்கே பின்னிய ஆறு பெட்டிகளை அவசரத்தில் இரவிலே, மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பினோம். வெளிறிய குருத்தோலை, படத்தில் மஞ்சள் சாயம் போட்டது போல விழுந்துவிட்டது. வாங்கியவருக்கு அந்த மஞ்சள்தான் பிடித்திருந்தது. பெட்டி கைக்குப் போனதும், "இது நான் கேட்டது இல்லையே" என்று ஆறையும் திருப்பிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. பின்னியவர்களுக்குக் கூலியை நாங்கள் கொடுத்துவிட்டோம். ஆனால் அந்த இடத்திலிருந்து அடுத்த ஓடர் வரவே இல்லை.

பிறகு அங்கே போனபோது, பெட்டி பின்னுகிற ஓர் அக்காவே எங்களுக்கு வழி காட்டினார். நாங்கள் பெட்டியை முற்றத்து வெயிலில் வைக்கப் போனோம். "வெயிலுக்க வைச்சா பின்னல் தெரியாது பிள்ளையள். இங்கால கொண்டு வாங்கோ" என்று வாசலுக்கு உள்ளே, நிழல் விழுகிற இடத்தில் வைத்தார். வெயில் வருகிற பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். கடும் வெயில் வேட்டியில் வடிந்து மெதுவாக விழுந்தது. ஒவ்வோர் ஓலை இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. வன்னி வெயிலுக்கு வேட்டி கட்ட வேண்டியிருக்கிறது. நமக்கோ மலை மூட்டமே அந்த வேட்டி! மப்பான நாளில் இஸ்தோப்பில் விழுகிற வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டில் படம் எடுப்பது ஒன்றும் புதிதில்லை. ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலேய அம்மா, 48 வயதில்தான் முதல் கெமராவைக் கையில் எடுத்தார். இங்கிலாந்தில் தன் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி அறையாக மாற்றி, பகல் வெளிச்சத்திலேயே படம் எடுத்தார். 1875இல் இலங்கைக்கு வந்து இங்கும் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879இல் இறந்த அவருடைய கல்லறை நம் பொகவந்தலாவைத் தேவாலயத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். காம்பிராவின் பல்பை அணையுங்கள், போனின் பிளாஷையும் நிறுத்துங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் நிறம் கெட்டுப்போகும். ஒரு வெள்ளை பிரிஸ்டல் போட்டைச் சுவரில் ஒட்டி, மடிப்பு விழாமல் வளைத்து மேசை வரை இறக்குங்கள். அதன் மேல் பொருளை வைத்து, வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி திருப்புங்கள். மறுபக்கம் இருட்டாக இருந்தால் பால்மா பைக்கற்றை வெட்டி, அதன் வெள்ளி நிற உட்புறம் தெரிய ஒரு மட்டையில் ஒட்டி அந்தப் பக்கம் நிறுத்துங்கள். நிழல் குறைந்துவிடும்.

போனின் கண்ணாடியைத் துடைக்க மறக்காதீர்கள். சமையல் கையோடு எடுக்கிற போனில் பாதிப் படம் மங்குவது எண்ணெய்ப் பிசுக்கால்தான். பொருளுக்கு மிகக் கிட்டே போனால் அதன் முன்பக்கம் வீங்கித் தெரியும். மூன்று அடி தள்ளி நின்று எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். திரையில் பொருளைத் தொட்டால் அது தெளிவாகும். வெள்ளைத் தாள் சாம்பலாக வருகிறதா? போன் அதிக வெளிச்சம் என்று நினைத்து அதைக் குறைத்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்புப் பொருளுக்கு மாறாக, கொஞ்சம் குறைக்க வேண்டும்.

ஒரே படம் போதாது. முன்பக்கம், உள்பக்கம், அடி, கைப்பிடி சேர்கிற இடம் எல்லாம் வேண்டும். அளவு தெரிய பக்கத்தில் ஒரு நெருப்புப்பெட்டி வைத்து ஒரு படம் எடுங்கள். நீளம், அகலத்தை அங்குலத்தில் அளந்து எழுதுங்கள். எங்காவது ஓலை பிரிந்திருந்தால் அதையும் கிட்ட எடுத்துக் காட்டிவிடுங்கள். மறைத்து விற்றால் திரும்பி வருகிற பார்சலுக்கும் நாம்தான் காசு கட்டுவோம்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தெளிவு குறையும். ஆவணமாக அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும். எப்படி என்று தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையிடம் கேளுங்கள், உடனே செய்து தரும்.